பதினான்கிலேயே நின்றுபோன திமிரி உண்ணி

காட்பாடிதான் வேலூர் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சென்னையில் ரயிலைக் காட்டி “வேலூர் போகுமா?” என்று கேட்டேன். “போகும்” என்றார்கள். ஏறிவிட்டேன். காட்பாடியில் பெட்டியில் பாதிப் பேர் இறங்கிப்போனார்கள். நான் சன்னலோரத்தில் உட்கார்ந்து வேலூர் என்ற பலகைக்காகக் காத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து எதிரில் இருந்தவரிடம் கேட்டேன்.

“வேலூரா? அது எப்பவோ போய்ட்டுதே சார். இனிமே ஆம்பூர்ல எறங்குங்க. பிரியாணி சாப்ட்டு, பஸ் புடிச்சி திரும்பிப் போங்க. இதுல ஒன்னும் பேஜார் இல்ல” என்றார்.

ஞாயிறு, காலை பத்து ஐம்பத்திரண்டு, ஊரைத் தவறவிட்டேன் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இது என் பழக்கம். ஈப்போவில் வடிகால் இலாகாவில் முப்பது வருடங்களுக்கு மேல் மழைமானி பார்த்தவன் நான். தினமும் காலை எட்டு மணிக்கு அளவு எடுத்துப் பதிய வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் அந்தக் கட்டத்தில் ‘காணவில்லை’ என்று எழுத வேண்டுமே தவிர, முந்திய நாளையும் பிந்திய நாளையும் பார்த்து ஊகித்து நிரப்பக் கூடாது. ஓய்வு பெற்றும் கை நிற்கவில்லை. எங்கே போனாலும் கிழமையும் மணியும் எழுதுகிறேன்.

ஆம்பூரில் பதினொன்றே முக்காலுக்கே கடை நிறையப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அது காலைப் பசியாறலும் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை என்ற நேரம். சின்ன அரிசி, எண்ணெய் கம்மி, பக்கத்தில் புளிப்பாகக் கத்திரிக்காய். நான் அதைத் தொடவில்லை என்பதைப் பரிமாறுபவர் பார்த்துவிட்டார்.

“இன்னா சார், கத்திரிக்காய தள்ளி வெச்சிட்டீங்க? வெளியூரா?”

“வெளிநாடு.”

“அப்ப கண்டிப்பா சாப்டணும். பிளேன்ல வந்து இதப் போயி விடுவாங்களா?”

சாப்பிட்டேன். சரியாகத்தான் சொன்னார். பிறகு பஸ்ஸில் வேலூர் வந்து சேர்ந்தேன். இடது பக்கத்து மலைகள் ஈப்போ மலைகளைப் போலத் தனித்தனியாக நின்றன. ஆனால் எங்கள் மலைகள் பச்சை போர்த்தியவை. இவை வெறும் பாறையை அடுக்கி வைத்தது போல இருந்தன.

வந்த காரியத்தைச் சொல்கிறேன். பாதிதான் எனக்குப் புரியும். புரிந்த பாதியை எழுதுகிறேன்.

என் மகள் கவிதா கோலாலம்பூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். மாட்டைக் கடிக்கும் உண்ணியின் உயிரணுக்களை உண்ணி இல்லாமலேயே கண்ணாடிக் குப்பியில் வளர்க்க முடியுமாம். குப்பி நிறைந்ததும் இரண்டாகப் பிரிப்பார்கள். மறுபடி நிறையும், மறுபடி பிரிப்பார்கள். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். அந்த எண்தான் அந்த உயிரணுக்களின் வயது. இப்படி வளர்ந்துகொண்டே போனால் அவற்றின் மரபு அப்படியே நிற்குமா, மாறிப்போகுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அவளுக்கு உயிரணுக்கள் வந்தது வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து. திமிரி என்ற ஊர்ப் பக்கத்து மாட்டில் எடுத்த உண்ணியின் முட்டையிலிருந்து தொடங்கியவை. குப்பியின் மேல் பதினான்கு என்று எழுதியிருந்தது. பெண் உண்ணியின் உயிரணுவில் குரோமோசோம் இருபத்திரண்டு, ஆணில் இருபத்தொன்று இருக்க வேண்டும். வந்த முதல் வாரமே கவிதா எண்ணிப் பார்த்தாள். பெரும்பாலும் அதைப் போல இரண்டு மடங்கு இருந்தன. பதினான்கே முறையில் இப்படி மாறுமா என்று மூன்று வருடம் அதன் மேலேயே வேலை செய்துவிட்டாள். இப்போது தேர்வாளர் ஒருவர் கேட்கிறார்: இது திமிரி உண்ணிதான் என்று எப்படித் தெரியும்?

வேலூரில் அதே அலமாரியில் இன்னொரு வரிசையும் (ஒரே மூலத்திலிருந்து பிரித்துப் பிரித்து வளர்ப்பதை அப்படித்தான் சொல்வார்களாம்) இருந்திருக்கிறது. அமிர்திக் காட்டோரம் மேய்ந்த மாட்டின் உண்ணி. அதே இனம்தான், ஆனால் வயதான வரிசை, குரோமோசோம் இரட்டித்துப்போனது. குப்பி மாறி வந்திருந்தால் கவிதாவின் மூன்று வருடமும் யாருடையது என்றே தெரியாத உயிரணுவுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை அவள் தேர்வுக் குழுவின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும்.

“என் இமெயிலுக்கு அவங்க ‘பதிவேடு சரியா இருக்கு’ன்னு மட்டும் பதில் போடறாங்கப்பா. கல்யாணத்துக்குச் சென்னை போறீங்கல்ல, அந்தப் பதிவேட்டை ஒரு தடவ பாத்துட்டு வாங்க. தேதி பாக்க உங்கள விட்டா யாரு?” என்றாள். இப்படிச் சொன்னால் எந்த அப்பாதான் போகமாட்டான்?

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். பொறுப்பில் இருந்த டாக்டர் அமுதாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்தார். அமிர்தி வரிசை இப்போது இல்லை என்றும், தான் பொறுப்பேற்கும் முன்பே எப்படியோ போய்விட்டது என்றும், பட்டியலில் மட்டும் பெயர் இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு பதிவேட்டை என் முன்னால் வைத்தார்.

நான் தேதிகளை மட்டும் பார்த்தேன். முதல் பக்கங்களில் ஒரு கையெழுத்து: ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண் ஏறிக்கொண்டே வந்தது. பதினான்கில் கையெழுத்து மாறியது. அழகான, உருண்டையான எழுத்து. அதற்குப் பிறகு மூன்று வருடப் பக்கங்கள், எல்லாவற்றிலும் பதினான்கு.

“மூன்று வருடமாகப் பிரிக்கவே இல்லையா?” என்று கேட்டேன்.

“உண்ணி செல் ரொம்ப மெதுவா வளரும் சார். மாசக்கணக்கா பிரிக்காம, சத்து நீர மட்டும் மாத்திட்டு வெச்சிருக்கலாம். அப்டித்தான் வெச்சிருந்திருக்காருன்னு நெனச்சேன்.”

“மூன்று வருடமா?”

அவர் பக்கங்களைத் திருப்பினார். “நானும் இதத் தேதி வெச்சி யோசிக்கல” என்று மெல்லச் சொன்னார். எழுதியவர் பெயர் ஜெயபால். ஆம்பூரில் தோல் ஷாப்பில் இருந்தவர், நடுவில் இங்கே உதவியாளராக வேலை பார்த்துவிட்டு மறுபடி தோலுக்கே போய்விட்டார். வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் அழைப்பை அவர் எடுப்பதில்லை. டாக்டர் கூப்பிட்டதும் எடுத்தார். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

அன்று மாலை கவிதாவிடம் போனில் சொன்னேன். அவள் நிறைய பேசினாள். இரட்டிப்பு, வரிசை, கலப்பு என்று வார்த்தைகள் வந்தன. நான் “ம்” போட்டுக்கொண்டே எழுதினேன். பிறகு வாசித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். கடைசியில் அவள் குரல் உடைந்திருந்தது.

செவ்வாய், ஆம்பூர். ஆட்டோ ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. டிராக்டரில் ஈரத் தோல் அடுக்கியிருந்தார்கள். நீர் சொட்டிக்கொண்டே போனது. கைக்குட்டையை மூக்கில் வைத்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். “மொத நாள்தான் சார் நாறும். ரெண்டாவது நாள் அது பாட்டுக்கு அது, நம்ம பாட்டுக்கு நாம.”

டேனரியில், அதாவது அவர்கள் சொல்லும் தோல் ஷாப்பில், ஜெயபால் வெளிச்சத்துக்கு எதிரே மேசை போட்டு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது, ஒல்லி, பாக்கெட்டில் மூன்று பேனா. பதப்படுத்திய மாட்டுத் தோல் வெளிர்நீலமாக ஒவ்வொன்றாக அவர் முன் வந்தது. தடவிப் பார்த்து, மூலையில் ஓர் எண் போட்டு, வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளினார். பக்கத்து மேசையில் பாஷா பாய் என்ற மேஸ்திரி.

“வாங்க சார், ஜெயபாலோட வெளிநாட்டு விருந்தாளி! இவன் உண்ணிய வளத்தானாம். ஊரே அதக் கொல்லுது, இவன் அதுக்கு சோறு ஊட்டுனான்” என்றார் பாஷா பாய்.

“சும்மா இரு பாய்” என்ற ஜெயபால் ஒரு தோலைத் திருப்பி என்னிடம் காட்டினார். கழுத்துப் பக்கத்தில் குண்டூசியால் குத்தியது போலப் புள்ளிகள். “இதுதான் சார் உண்ணி கடிச்ச எடம். மாடு செத்து, தோலு உரிச்சி, சுண்ணாம்புல போட்டு, இவ்ளோ பண்ணியும் போகாது. செலக்‌ஷன்ல கீழ போய்டும், வெல கெடைக்காது. லேப்ல வேலைன்னதும், இந்த சனியன் எப்படிதான் இருக்கும் பாப்போம்னுதான் போனேன்.”

நான் பதிவேட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். “இந்தப் பதினான்கு மூன்று வருடமும் மாறவில்லையே?”

“எப்டி சார் மாறும்?” என்று அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “டாக்டர் கைல குடுக்கும்போது பதினாலுன்னு குடுத்தாரு. நானும் கரெக்டா பதினாலுன்னே வெச்சிருந்தேன். ஒரு எடத்துல கூட தப்பு இல்லயே?”

“பிரித்தீர்களா?”

“பின்ன? பதினஞ்சு இருவது நாளைக்கு ஒருக்கா பிரிப்பேன். நல்லா வளந்துது சார் என் கைல.”

“பிரிக்கும்போது எண்ணை ஏன் கூட்டவில்லை?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பாஷா பாயும் பார்த்தார். பிறகு பாய்தான் விளக்கினார். “சார், இதோ இது எழுவத்தாறாம் லாட்டு. இதப் பாதியாக்கி ரெண்டு டிரம்ல போட்டாலும் ரெண்டும் எழுவத்தாறுதான். மேல்தோலு கீழ்தோலுன்னு மிஷின்ல பொளந்தாலும் ரெண்டும் எழுவத்தாறு. கடைசில ஷூவா போற வரைக்கும் எழுவத்தாறு. நம்பர மாத்துனா எந்த மண்டித் தோலுன்னு எப்டி கண்டுபுடிப்ப? தோல் ஷாப்புல லாட்டு நம்பர மாத்துனவன் வூட்டுக்குப் போய்டணும்.”

இவர்கள் சொல்வதும் நியாயமாகவே இருந்தது. ஒரு நிமிடம், ஆய்வுக்கூடத்துக்காரர்கள்தான் தவறாக எண்ணுகிறார்களோ என்றுகூடத் தோன்றியது.

“அங்கே அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு இல்லை” என்றேன். “எத்தனை முறை பிரித்தது என்பதற்கு. வயது மாதிரி.”

ஜெயபால் கையிலிருந்த தோல் அப்படியே நின்றது. “வயசா?”

“ஆமாம்.”

“மூணு வருஷமா அதுக்கு வயசே ஏத்தாம வெச்சிருந்தனா?” அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “சார், நான் ஏமாத்தலே. அதையும் எழுதுங்க. தப்பு என்னுதுதான், ஆனா ஏமாத்துனான்னு வராம எழுதுங்க.”

எழுதினேன். செவ்வாய், பகல் பன்னிரண்டு பத்து. அவர் முன்னாலேயே வாசித்தும் காட்டினேன்.

எத்தனை முறை பிரித்தார் என்பதற்குக் கணக்கு உண்டா என்று கேட்டேன். பதிவேட்டில் கிடையாது. ஆனால் வீட்டு மாதக் காலண்டரை எடுத்துப்போய் ஆய்வுக்கூடச் சுவரில் மாட்டி, திமிரியைப் பிரித்த நாளில் ‘பி’ என்றும் சத்து நீர் மாற்றிய நாளில் ‘சோ’ என்றும் எழுதுவாராம்.

“சோ?”

“சோறு சார்.”

அந்தக் காலண்டர்கள் எங்கே? அவர் தலையைச் சொறிந்தார். “வூட்லதான் இருக்கும். மெர்சி எதையும் தூக்கிப் போட மாட்டா.”

மெர்சி அவர் மனைவி. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் வேலை. அன்று விடுப்பு போட்டிருந்தார். நாங்கள் போனபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, சமையலறை அலமாரியைக் காட்டினார். ஐந்து தட்டு, தட்டு நிறையப் பாத்திரம். ஒவ்வொன்றுக்கும் அடியில் காலண்டர் தாள் விரித்திருந்தது.

“இன்னாங்க, இப்பத்தான் போன வாரம் தேச்சி கவுத்து வெச்சேன்” என்று கணவரை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். “உங்க பொண்ணு படிப்பா சார்?”

“ஆமாம்மா.”

“அப்ப எறக்குங்க. சும்மா நிக்கறீங்களே, அண்டாவப் புடிங்க” என்றார் அவரிடம்.

ஒரு மணி நேரம் பாத்திரம் இறக்கினோம். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, டம்ளர் வட்டங்கள். அவற்றுக்கு நடுவில் அதே உருண்டை எழுத்தில் ‘பி’, ‘சோ’, ‘சோ’, ‘பி’. தரையில் மாத வரிசையாகப் பரப்பினேன். முப்பத்தாறு மாதங்களில் முப்பத்து மூன்று கிடைத்தன. நான் ஒருமுறை எண்ணினேன், ஜெயபால் ஒருமுறை எண்ணினார், மெர்சி கரண்டியோடு வந்து ஒருமுறை எண்ணினார். ஐம்பத்து மூன்று ‘பி’.

இரண்டு தாள்களைக் கரையான் தின்றிருந்தது, தூள்தான் மிச்சம். இல்லாத மூன்றாவது, கடைசி மாதம். மலேசியாவுக்குப் பார்சல் போனதும் ஜெயபால் வேலையை விட்டதும் அந்த மாதம்தான்.

“அமிர்தி வரிசை என்ன ஆனது?” என்று அப்போதுதான் கேட்டேன்.

“பூஞ்சை புடிச்சிருச்சி சார். நானே ஊத்திட்டேன். பழைய டாக்டர்கிட்ட வாயால சொன்னேன், அவரும் அந்த வாரம் கெளம்பிட்டிருந்தாரு.”

“பார்சலுக்கு முன்னாலா, பின்னாலா?”

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “முன்னாலதான் இருக்கும்.”

‘இருக்கும்’ என்பதை எழுத என் கை ஓடவில்லை. முன்னால் என்றால், குப்பி மாற வழியே இல்லை. அலமாரியில் இருந்தது திமிரி மட்டும். பின்னால் என்றால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. “காலண்டர்ல எழுதிருப்பேன் சார், எழுதாம இருக்க மாட்டேன்” என்றார் ஜெயபால்.

மெர்சி திடீரென்று கரண்டியை வைத்தார். “ஏங்க, அந்தத் தாளு வழவழன்னு நல்லா இருந்துச்சே. ஜெபக் குழு பாட்டு நோட்டுக்கு அட்ட போட்டன்ல?”

“நோட்டு எங்க?”

“ரோஸிக்காட்ட.”

ரோஸி மெர்சியோடு வேலை செய்பவர். போனில் கிடைக்கவில்லை. வேலை நேரத்தில் கம்பெனிக்குள் போன் கூடாதாம். சாப்பிட்டுவிட்டு, மாலை ஐந்தரைக்கு மூன்று பேரும் கம்பெனி வாசலில் போய் நின்றோம்.

நான் அவ்வளவு பெண்களை ஒரே நேரத்தில் ஒரே வாசலில் பார்த்ததில்லை. எல்லாருக்கும் ஒரே நிறக் கோட்டு, கையில் சாப்பாட்டுப் பை, வெளியே வந்ததும் பேச்சு. வேன்கள் பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று கூவின. தமிழில் பாதி, உருதுவில் பாதி கேட்டது. ஒரு வேன்காரர் என்னையும் ஏற்றிவிடப் பார்த்தார். மெர்சி கூட்டத்துக்குள் நுழைந்து, ரோஸியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

“ஏண்டி, வேன் போய்டும்! இன்னா ஆச்சி, யாருக்கு இன்னா?”

“யாருக்கும் ஒன்னும் இல்லக்கா. பாட்டு நோட்டு வெச்சிருக்கியா?”

“பையிலதான் இருக்கு. இப்ப இங்க நின்னா பாடப் போறீங்க?”

“அட்ட வேணும்க்கா.”

ரோஸி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெபக் குழுவில் என்னென்னவோ விசித்திரம் பார்த்திருப்பார், இது புதிது. நோட்டை எடுத்துக் கொடுத்தார். படப் பக்கம் வெளியே, தேதிப் பக்கம் உள்ளே. பசை போட்டு ஒட்டியிருந்தது. ஜெயபால் பேனாவின் மூடியை விட்டு, தோலை உரிக்கிற நிதானத்தோடு ஓரமாக நெம்பினார். ஒரு மூலை கிழிந்தது. மற்றதெல்லாம் வந்தது.

முதல் வாரம், வியாழன்: ‘அமிர்தி ரெண்டு பாட்டிலும் பூஞ்சை. ஊத்தியாச்சு.’ அதற்குப் பிறகு ஒரு ‘பி’. மறுபடி ஒரு ‘பி’. நான்காம் வாரம், செவ்வாய்: ‘மலேசியா பார்சல். ஐஸ் வேணாம்னு எழுதி ஒட்டினேன்.’

செவ்வாய், மாலை ஐந்து நாற்பத்தெட்டு. எழுதிக்கொண்டேன். ஜெயபால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரோஸி “வேன் போய்ட்டுது” என்றார், ஆனால் கோபமாக இல்லை.

அங்கேயே நின்று எல்லாத் தாள்களின் படத்தையும் கவிதாவுக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன்: பதினான்கோடு ஐம்பத்தைந்து, அறுபத்தொன்பது. இரண்டு மாதத் தாள் காணவில்லை. எனவே ‘குறைந்தது அறுபத்தொன்பது’ என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்து நிமிடத்தில் அழைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“அப்பா, நான் பதினாலுன்னு நெனச்சு, சீக்கிரமே மாறிடுச்சுன்னு எழுதினதெல்லாம் போச்சு. தலைப்பே மாறணும். ஆனா என் கைல முப்பது தடவை பிரிச்சிருக்கேன். அந்த முப்பதுலயும் மறுபடி மாறவே இல்லப்பா. ஒரு தடவ இரட்டிச்ச பிறகு அப்படியே நின்னிருக்கு. அத எழுதலாம். தூக்கி எறிய வேணாம்.”

“அப்படியானால் இது அதே திமிரி உண்ணிதானே?”

“அதேதான்ப்பா.”

“குரோமோசோம் இரண்டு மடங்கு ஆகியும்?”

“ஆமாம். அதே வரிசைதான், ஆனா ஆரம்பத்துல இருந்தது இல்ல.”

எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது முறை கேட்டும் விளங்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே, மணியோடு எழுதிக்கொண்டேன்.

“சார், பாப்பா இன்னா சொல்லுது?” என்றார் ஜெயபால்.

“உங்கள் காலண்டர்தான் காப்பாற்றியதாம். ஆய்வேட்டில் உங்கள் பெயரைப் போட்டு நன்றி எழுதுவாளாம்.”

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. “இப்ப அங்க அதுக்கு வயசு இன்னா?”

“அறுபத்தொன்பதும் அவள் பிரித்த முப்பதும், குறைந்தது தொண்ணூற்றொன்பது.”

ஜெயபால் நோட்டைத் திருப்பி, அட்டை உரிந்த இடத்தில், பசைத் தடம் படிந்த பழுப்புத் தாளில், உருண்டையான எழுத்தில் 99 என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அதன் முன்னால் சிறியதாக ‘கொறஞ்சது’ என்றும் சேர்த்தார்.

“இன்னா இது, என் பாட்டு நோட்டுல?” என்றார் ரோஸி.

“வயசுக்கா” என்றார் மெர்சி.